பிரெஞ்சு நாவலுக்கு ஒரு சொதிப் பந்தி

சினிமாவில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. போன் வருவது நின்றால் அதுதான் ஓய்வு. என் விஷயத்தில் போன் நிற்கவில்லை, நான்தான் எடுப்பதை நிறுத்தினேன். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, சென்னை வாடகையும் ஒத்துக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் அம்மா விட்டுப்போன வீட்டுக்கு வெள்ளையடித்து வந்து உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் உதவி இயக்குநர் பிள்ளைகள் விடுவதாக இல்லை. "எஸ்தரக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அது ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை.

போன மாதம் அப்படி ஒரு பையன் ஒரு திரைக்கதையை அனுப்பினான். ஏதோ ஐரோப்பிய நாவலைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, நம் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தா என்று கேட்டிருக்கிறான். கண்ணை மூடித் திறப்பதற்குள் அதுவும் மாற்றிக் கொடுத்துவிட்டது. தொப்பி தலைப்பாகை ஆகியிருந்தது. பனி, மாஞ்சோலை மூடுபனி ஆகியிருந்தது. நடன விருந்து, ஜமீன் அரண்மனை நாட்டியம் ஆகியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டான். வேட்டி கட்டின வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறது என்றேன். பையன் கோபப்படவில்லை, சிரித்தான். அப்படியானால் முன்பு நீங்கள் ஒரு பிரெஞ்சு நாவலை நம் ஊர்ப் படமாக்கினீர்களே, அது எப்படி என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சினிமாவுக்குப் போன கதையை நீட்ட வேண்டியதில்லை. அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். மகளும் ஆசிரியை ஆவாள் என்று நினைத்தார்கள், நான் ஆகவில்லை. கிளாப் அடித்தேன். கன்டினியூட்டி பார்த்தேன், அதாவது முந்தின ஷாட்டில் டம்ளரில் எவ்வளவு காபி இருந்தது, எந்தக் கையில் கைக்குட்டை இருந்தது என்று கவனிக்கிற வேலை. பெண் என்பதால் கதாநாயகியின் சேலை மடிப்பைச் சரிசெய்யச் சொன்னார்கள், செய்தேன். வசனத்தைக் கொஞ்சம் தட்டிக் கொடு என்றார்கள், பாதிப் படத்துக்கு வசனமே எழுதிக் கொடுத்தேன். டைட்டிலில் பெயர் போடும்போது மட்டும் மறந்துவிடுவார்கள். போட்ட இடத்திலும் பத்துப் பேருக்கு நடுவில் இருக்கும், படிப்பதற்குள் ஓடிவிடும். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இப்போதும் கொஞ்சம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் சிதம்பரநாதன் கூப்பிட்டு அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார், இரண்டு படம் வரிசையாகப் படுத்திருந்தது. பிரெஞ்சு தெரிந்த அசோசியேட் டைரக்டர் ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். கல்லூரியில் தமிழுக்குப் பதிலாக நான் பிரெஞ்சு எடுத்தது மொழிப்பற்றினால் இல்லை, அதில் மார்க் தாராளமாகப் போடுவார்கள் என்பதால். அதை அவரிடம் சொல்லவில்லை. மேஜைமேல் ஒரு பழைய நாவலை வைத்தார். படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு, ஒரு வழியாகப் படித்து முடித்தேன்.

கதை பெரிய சிக்கலான கதை இல்லை. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி புருஷனை விட்டுவிட்டுத் தனியாகப் பிறந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஊர் அவளைத் திட்டவில்லை, கல்லெறியவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அவளை வெளியே தள்ளுகிறார்கள். கடைசியில் அவள் படகேறிப் போகிறாள். இதை வெள்ளைக்காரன் காலத்துத் தாமிரபரணிக் கரையில் வைத்து எடுப்பது என்று சிதம்பரநாதன் சார் முடிவு செய்திருந்தார். கொழும்பில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவள் என்று நாயகியை மாற்றினோம். அவளுக்கு நாச்சியார் என்று பெயர் வைத்தோம்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்துப் பதினைந்து நாள் போகட்டும் என்றார். அதற்கப்புறம் புத்தகம் இல்லாமல் எனக்குக் கதை சொல்லுங்கள் என்றார். நான் சொல்லச் சொல்ல, எதை மறந்துவிட்டேன் என்று மட்டும் கவனித்தார். நீங்கள் மறந்ததைப் பார்க்கிறவனும் மறந்துவிடுவான், அது படத்துக்கு வேண்டாம் என்றார். இப்படியே ஒரு வேட்டைக் காட்சி, ஒரு சித்தப்பா, ஒரு நீளமான வழக்கு எல்லாம் போய்விட்டன. எனக்கு அந்தச் சித்தப்பாவைப் பிடிக்கும், ஆனால் சொல்லும்போது ஞாபகம் வரவில்லையே.

அடுத்தது அட்டைகள். ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. அதில் என்ன நடக்கிறது என்று எழுதக் கூடாது. யாருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். அதுதான் உண்மையான மொழிபெயர்ப்பு வேலை. பனியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் பனி கொட்டி ஊர் முடங்குகிறது. பனிக்கு அங்கே என்ன வேலை? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வைக்கிற வேலை. நம் ஊரில் அந்த வேலையைச் செய்கிறது ஐப்பசி வெள்ளம். ஆறு கரைமீறினால் வண்டி போகாது, ஆள் போகாது. பாதிரியாரிடம் நாயகி மனதைத் திறந்து பேசுகிற காட்சி, கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் துணி பிழிந்துகொண்டே கூட்டாளியிடம் பேசுகிற காட்சி ஆயிற்று.

எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் சத்தம் போடமாட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதை எங்க பாத்தீங்க?" என்று ஒரு கேள்விதான் கேட்பார். இன்ன தெருவில், இன்னார் வீட்டில் என்று பதில் சொல்ல முடிந்தால் காட்சி இருக்கும். சொல்ல முடியாவிட்டால் அட்டை கிழிந்துவிடும். எத்தனையோ பெரிய வசனங்களை அந்த ஒரு கேள்வியில் இழந்திருக்கிறேன். ஒருநாள் கோபத்தில், நாவலாசிரியர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டா எழுதினார் என்று கேட்டேன். "அவரைக் கேக்க முடியாது, உங்களைக் கேக்க முடியும்" என்றார்.

சிக்கல் நடன விருந்தில் வந்தது. நாவலின் நடுப்பகுதியில், ஊர்ப் பெரிய வீட்டில் நடனம். நாயகிக்கும் அழைப்பு போகிறது, அவளும் நல்ல உடை உடுத்திக்கொண்டு போகிறாள். அங்கே ஆண்கள் வந்து பெண்களைக் கைநீட்டி ஆட அழைக்க வேண்டும். அவளை மட்டும் யாரும் அழைக்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறாள். ஊர் அவளை விலக்கிவிட்டது என்பது அவளுக்குப் புரிகிற இடம் அதுதான். அந்தக் காட்சி இல்லை என்றால் கடைசியில் அவள் படகேறுவதற்கு அர்த்தமே இல்லை.

தயாரிப்பாளர் சென்னையில் பாத்திரக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர். அண்ணாச்சி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். நடனம் என்றால் நடனமே வைத்துவிடலாம், அந்தக் காலத்துச் சதிராட்டம் வைக்கலாம், ஒரு பாட்டு கிடைக்கும் என்றார். நான் மறுத்தேன். அந்தக் காலத்து நாச்சியார் சபையில் ஆடப் போவதில்லை. அவளை யாராவது ஆட அழைக்காவிட்டால் அது அவமானமும் இல்லை. நம் ஊரில் ஒருத்தரைக் கூப்பிடாமல் விட்டால் வலிக்கிற இடம் எது என்று யோசித்தேன். பந்திதான்.

இந்தப் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து உண்டு. அன்றைக்குச் சொதிதான் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுச் செய்கிற குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். எத்தனை பசியாக இருந்தாலும் யாரும் தானாகப் போய் இலை முன்னால் உட்காரமாட்டார்கள். வீட்டுக்காரர்களில் ஒருவர் வந்து, உறவுமுறை சொல்லி, எழுந்து சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்கள். நாச்சியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. இப்படி எழுதினேன்.

சார் வழக்கம்போல எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். சின்னப் பிள்ளையில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மாவோடு போனேன், எங்களைப் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகவே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றேன். அட்டை கிழியவில்லை.

அண்ணாச்சிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சாப்பாட்டைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவான் என்றார். கடைசியில் சாரும் அவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். பந்திக்கு ஒரே ஒரு நாள். அண்ணாச்சியும் வந்து பார்ப்பார். அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் சென்னையிலிருந்து ஆட்டக்காரப் பெண்களும் ஒரு புது எழுத்தாளரும் வருவார்கள், அந்தக் காட்சியோடு மீதிப் படத்தையும் அந்த எழுத்தாளர் திருத்துவார். சிதம்பரநாதன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார். திரைக்கதை என்று டைட்டிலில் என் பெயரைத் தனியாகப் போடுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். "பந்தி நின்னா உங்க பேரும் நிக்கும் எஸ்தர். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். எனக்குப் பயமாக இல்லை. நிற்கும் என்று அடித்துச் சொன்னேன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றை ஒட்டி ஒரு பெரிய பழைய வீடு கிடைத்தது. அந்தக் காலத்துப் படம் எடுப்பதில் பெரிய தொல்லை பெரிய பொருள்களால் வருவதில்லை. வில்வண்டி கிடைத்துவிடும், வெண்கலப் பானை கிடைத்துவிடும். கம்பி, சுவிட்சு, பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். புருவத்தைத்தான் மறைக்க முடியாது. சென்னையிலிருந்து வந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் எல்லோரும் புருவம் திருத்தியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பெண்கள் அத்தனை பேரும் நேற்றுதான் பியூட்டி பார்லரிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளூரிலேயே ஐம்பது தாண்டிய பெண்களைத் தேடிப் பிடித்தேன்.

அதில் ஒருவர் பகவதி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. படப்பிடிப்பு எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்க வந்தவர், வந்த அரைமணியில் எங்கள் யூனிட்டையே வரிசையில் நிற்க வைத்துவிட்டார். நல்ல உயரம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, குரலைக் கேட்டால் நானே ஒருகணம் எழுந்து நிற்பேன். கல்யாண வீட்டு மூத்த மருமகளாக அவரைப் போட்டேன். பந்திக்கு ஆளைக் கூப்பிடுகிறவர் அவர்தான். நாச்சியாருக்குப் பக்கத்தில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட வேண்டும், நாச்சியாரைப் பார்க்காதது போல் கடந்து போக வேண்டும். காலையில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து விளக்கினேன். டீச்சர், பாடம் நடத்துகிறவரைச் சோதிக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புரிஞ்சிட்டு, ஆரம்பிங்க" என்றார்.

சாப்பாடு உண்மையானதாக இருக்க வேண்டும் என்பது சாரின் பிடிவாதம். தவசிப்பிள்ளை என்று இங்கே சமையற்காரரைச் சொல்வோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு தவசிப்பிள்ளை வந்து விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். அவர் என்னிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சொதியை மறுபடி மறுபடி சூடாக்கக் கூடாது, தேங்காய்ப்பால் திரிந்துபோகும். அதிகமாகப் போனால் நான்கு தடவை பரிமாறலாம், அதற்குமேல் தன்னால் ஆகாது. அண்ணாச்சி மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் டேக். நாச்சியாராக நடித்த மாலினி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். பகவதி டீச்சர் வந்தார். வலதுபக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டார், இடதுபக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். நாச்சியாரைத் தாண்டி இரண்டடி எடுத்து வைத்தவர், தன்னையறியாமல் திரும்பி, "எந்திரிங்க மதினி, எலை போட்டாச்சு" என்றார்.

கட் சொன்னோம். டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சரி, பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது டேக்கில் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சரியாகத் தாண்டிப் போனார். பின்னால் வந்த இன்னொரு பெண், அவளுக்கு வசனமே கிடையாது, மாலினியின் தோளைத் தொட்டு, வாங்க என்று கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது டேக்கில் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் அங்கிருந்தே கையைக் காட்டி, அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்க என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான்கு தடவையில் மூன்று போயிற்று. சொதியின் ஓரத்தில் எண்ணெய் பிரிய ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து, சதிர் ஆடுகிறவர்கள் யாராவது இப்படிச் சொதப்புவார்களா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெண்களிடம் போய், காலையில் அத்தனை சொன்னேனே, ஒருத்தருக்கும் ஏறவில்லையா என்று கேட்டேன். டீச்சருக்கும் கோபம் வந்துவிட்டது.

"எல்லாம் ஏறிட்டு. எங்களுக்கு ஒண்ணும் மண்டையில களிமண் இல்ல. ஒருத்தி நம்ம மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வயித்துப் பசியோட உக்காந்திருக்கா. அவளைக் காணாத மாதிரி எப்படித் தாண்டிப் போக? கால் போக மாட்டேங்கு."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. தப்பு அவர்களிடம் இல்லை, காட்சியில் இருந்தது. நாவலில் ஆண்கள் நாயகியை ஆடக் கூப்பிடவில்லை. அதற்கு அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நின்ற இடத்தில் நின்றால் போதும். இங்கே கூப்பிடாமல் இருப்பதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். வாயைத் திறந்தால் வாங்க என்றுதான் வரும். அதை வரவிடாமல் தடுக்கிற இன்னொரு சொல் வேண்டும். நான் நடன விருந்தை எடுத்துவிட்டுப் பந்தியை வைத்தேனே ஒழிய, அந்த நாற்காலியை அப்படியே தூக்கி வந்து ஜமுக்காளத்தில் போட்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கல்யாணம் சரியாக ஞாபகம் வந்தது. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை. ஒவ்வொரு பந்திக்கும் அந்த வீட்டம்மா வந்தார்கள். அம்மா அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முகம் கொள்ளாத சிரிப்போடு குனிந்து, "நீங்க இருங்க டீச்சர், அடுத்த பந்தியில நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம்" என்றார்கள். அடுத்த பந்திக்கும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த பந்திக்கும். எங்கள் அம்மா, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். படப்பிடிப்பில் அத்தனை பேர் நடுவில், லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவை நினைத்துத்தான் அழுதேன், படத்தை நினைத்து இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, எதுவும் கேட்கவில்லை. மாற்றுங்கள் என்றார். நின்ற இடத்திலேயே மாற்றினேன். டீச்சரிடம், நீங்கள் அவளைத் தாண்டிப் போக வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அவளிடம் நின்று, இருங்க மதினி, அடுத்த பந்தியில் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள் என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுற்றியிருந்த பெண்களில் ஒருத்திக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஆற்றங்கரையில் அதைக் கேட்காதவர்கள் இருந்தால் சொல்லியிருப்பார்கள், சொல்லாதவர்கள் இருந்தால் கேட்டிருப்பார்கள்.

கடைசி டேக். தவசிப்பிள்ளை மிச்சம் வைத்திருந்த நல்ல சொதியை எடுத்து வந்தார். டீச்சர் நாச்சியாரின் முன்னால் குனிந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு பிரியம். ஒரு கையால் மாலினியின் முன்கையைத் தொட்டுக்கொண்டே, "நீங்க இருங்க மதினி. இந்தப் பந்தியில ஒரே கூட்டம். அடுத்த பந்திக்கு நானே வந்து கூப்பிடுதேன்" என்றார். மாலினி சரி என்று தலையாட்டினாள். இரண்டாவது பந்திக்கும் அதே சிரிப்பு. அடுப்புப் பக்கம் போய் வந்த டீச்சர், பைய நடந்து வந்து, மறுபடியும் அதையே சொன்னார். மாலினியும் சிரித்தாள், ஆனால் இந்தத் தடவை இலைக்கட்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவள் கண் போய்ப் பார்த்துவிட்டது. அதை நான் எழுதவில்லை.

காட்சியை மாற்றும்போதே முடிவுக்கும் ஒன்று எழுதியிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டாயிற்று. கூடத்தில் அவள் மட்டும்தான். டீச்சர் வருகிறார். நாச்சியார் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாராகிறாள். டீச்சர் அதே பிரியத்தோடு, "கொஞ்சம் எந்திச்சுக்கிடுங்க மதினி, ஜமுக்காளத்தைச் சுருட்டணும்" என்கிறார்.

கட் சொன்ன பிறகும், சுருட்டிய ஜமுக்காளத்துக்குப் பக்கத்திலேயே மாலினி நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சி எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே போனில் யாரிடமோ, "அந்த ஆட்டக்காரப் பிள்ளையள வரவேண்டாம்னு சொல்லிரு. எழுத்தாளரும் வேண்டாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பொழுதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை. நான் நல்ல வேலைக்காரி, அன்றைக்கு அது எனக்கே தெரிந்தது.

யூனிட் முழுக்கச் சாப்பிட உட்கார்ந்தது. பகவதி டீச்சர் மட்டும் வரவில்லை. தேடிப் போனேன். பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். வேஷத்துக்குப் போட்ட சேலையைக்கூட மாற்றவில்லை. தலைமையாசிரியைக் குரல் இல்லை.

"அந்த வசனத்தை நான் நடிச்சுச் சொல்லல எஸ்தர். என் மக கல்யாணத்து மறுவீட்டுல, என்கூட ஒரே ஸ்கூல்ல வேலை பாத்த முத்துலட்சுமிகிட்ட இதையே சொன்னேன். எங்க ஆளுக வரிசையில அவளை உக்கார வைக்க எனக்குத் தைரியம் இல்ல. மூணு பந்தி உக்காந்திருந்துட்டுப் போயிட்டா. மறுநாளும் ஸ்கூலுக்கு வந்தா, பேசினா, ஒண்ணுமே கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

அப்புறம் அவர் கேட்டார். தன் முகத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட முடியுமா, குரல் மட்டும் இருக்கலாமா, இல்லை வேறு யாரையாவது வைத்து எடுக்கலாமா. அந்தப் படத்தை முத்துலட்சுமி பார்த்தால் என்ன நினைப்பாள் என்றார்.

சொதி தீர்ந்துவிட்டது, நாள் முடிந்துவிட்டது, அண்ணாச்சி இன்னொரு நாள் தரமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, காட்சியே அந்தச் சிரிப்பில்தான் இருந்தது. அதை எடுத்தால் காட்சி போகும், காட்சியோடு என் பெயரும் போகும். இதை ஒளிக்காமல் அவரிடமே சொன்னேன். சொல்லிவிட்டு, இருந்தாலும் முகம் உங்களுடையது, நாளைக் காலையில் நாங்கள் கிளம்புவதற்குள் வேண்டாம் என்று சொன்னால் சாரிடம் நானே பேசுகிறேன் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க ஏன் சொன்னோம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஞாபகம் இல்லாமல் இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

காலையில் வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். பழைய குரல் திரும்பியிருந்தது. விளக்குகளை ஏற்றுகிற பையன்களை, அப்படித் தூக்காதீங்கலே, இடுப்பு போயிரும் என்று அதட்டிவிட்டு என்னிடம் வந்தார். "என் முகம் இருக்கட்டும், எடுத்துற வேண்டாம். படம் வந்ததும் எனக்கு ரெண்டு டிக்கெட் வேணும்" என்றார்.

படம் ஓடியது. பிரமாதமாக ஓடியது என்று சொல்லமாட்டேன், அண்ணாச்சி போட்ட பணம் திரும்பிவிட்டது, சிதம்பரநாதன் சாருக்கு அடுத்த படம் கிடைத்தது. எனக்குச் சென்னைக் காட்சியைவிட திருநெல்வேலிக் காட்சிதான் முக்கியம். ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் டீச்சருக்கு இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பினேன், அவர்களுக்கு நேர் பின்வரிசையில் எனக்கு ஒன்று. போனில் கூப்பிட்டுச் சொன்னால் போதாது என்று டீச்சர் சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறிப் போய், முத்துலட்சுமி டீச்சர் வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டி, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைத்திருக்கிறார். என்ன படம், எதற்குத் திடீரென்று சினிமா என்று அவர் கேட்டதற்கு, வந்து பாருங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

முத்துலட்சுமி டீச்சர் ஒல்லியாக, சின்ன உருவமாக இருந்தார். காட்டன் சேலை, மடியில் கைப்பை. இரண்டு பேரும் இடைவேளை வரை பிள்ளைகள், பேரன், முட்டுவலி என்று குசுகுசுவென்று பேசிக்கொண்டேதான் பார்த்தார்கள். டைட்டிலில் திரைக்கதை என்று என் பெயர் தனியாக, நின்று, படிக்கும்படி வந்தது. முன்வரிசையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

இடைவேளைக்கு அப்புறம் பந்தி வந்தது. கூடம், ஜமுக்காளம், நாச்சியார். திரை முழுக்கப் பகவதி டீச்சரின் முகம் குனிந்தது. முதல் பந்தி. இரண்டாவது பந்தி. முன்வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. பகவதி டீச்சர் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். தியேட்டரில் யாரோ ஒரு பெண், அடிப்பாவி என்று சத்தமாகவே சொன்னாள். ஜமுக்காளத்தைச் சுருட்டுகிற வரைக்கும் முத்துலட்சுமி டீச்சர் அசையவில்லை. அது முடிந்து, ஆறு வந்து, நாச்சியார் தனியாக நடந்து போகிற காட்சி வந்த பிறகு, திரும்பாமலே, மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கும் நீங்க இப்படியேதான் சிரிச்சீங்க டீச்சர்."

பகவதி டீச்சர், "ஆமா" என்றார்.